சின்ன வயதில் லக்ஷ்மி படித்தவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் புத்தகம் பேசுவோம். ஒரு முறை என் பங்குக்கு எழுத்தாளர் லக்ஷ்மியைப் பற்றிப் பேசினேன். பன்னிரண்டு வயதில் ஆரம்பித்த பழக்கம், இப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அந்தப் பேச்சுக்கு அப்புறம் கல்யாணப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கு நடுவே சந்தேகம் கேட்கிறார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

எந்த லக்ஷ்மி? அம்பையின் பெயரும் லக்ஷ்மிதானே, இரண்டு பேரும் ஒருவரா?

இல்லை. நான் சொல்லும் லக்ஷ்மியின் இயற்பெயர் திரிபுரசுந்தரி. 1921ல் பிறந்தார், 1987 ஜனவரியில் மறைந்தார். பவானி, மிதிலா விலாஸ், பெண் மனம், அரக்கு மாளிகை, காஞ்சனையின் கனவு என்று பெயர்களைச் சொன்னால் எழுபது வயதுக்கு மேற்பட்ட எந்தப் பெண்மணியும் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொரு எழுத்தாளரான அம்பையின் இயற்பெயர் சி.எஸ். லக்ஷ்மி. அதாவது ஒருவர் லக்ஷ்மி என்று புனைபெயர் வைத்துக்கொண்ட திரிபுரசுந்தரி, மற்றவர் அம்பை என்று புனைபெயர் வைத்துக்கொண்ட லக்ஷ்மி. குழம்புவதில் தப்பே இல்லை. இந்த இருவரும் கீழே ஒரு கேள்வியில் எதிரெதிரே வரப்போகிறார்கள், பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் லக்ஷ்மி என்கிறார்களே, நிஜமாகவே டாக்டரா, இல்லை சும்மா பட்டமா?

நிஜ டாக்டர்தான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவர். படித்துக்கொண்டிருந்தபோதே எழுத வந்துவிட்டார். முதல் கதை 1940ல் ஆனந்த விகடனில் வந்தது. தலைப்பு ‘தகுந்த தண்டனையா?’ தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டு ஆரம்பித்தவர் என்று எங்கள் வட்டத்தில் ஒருவர் சொன்னார். நல்ல கவனிப்பு.

எழுதிச் சம்பாதித்துத்தான் டாக்டருக்குப் படித்தார் என்பது உண்மையா? அந்தக் காலத்தில் கதைக்கு அவ்வளவு பணம் தந்தார்களா?

உண்மைதான். இரண்டாம் உலகப் போர் நடந்த வருடங்கள். வீட்டிலிருந்து படிப்புக்குப் பணம் வருவது கஷ்டமானபோது, விகடன் ஆசிரியர் எஸ்.எஸ். வாசன் கதைகளை வாங்கிப் போட்டுக் கைகொடுத்தார். கல்லூரிச் செலவுக்கு அந்தப் பணம்தான் துணை. பகலில் வார்டும் வகுப்பும், இரவில் தொடர்கதைக்கு அடுத்த அத்தியாயம். மருத்துவப் பாடம் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு இது எப்படிப்பட்ட உழைப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியது 1912ல். அதற்குப் பிறகு முப்பது வருடம் ஓடியும் டாக்டருக்குப் படிக்கும் பெண்ணை ஊரார் திரும்பிப் பார்த்த காலம்தான் அது. அப்படிப் படித்த ஒருத்தி, தன் கட்டணத்தைத் தன் பேனாவால் கட்டினாள் என்ற செய்திதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இந்தச் செய்தியை என் அம்மா கதை மாதிரிச் சொல்வாள். அவள் சொன்ன விதத்தில், அது லக்ஷ்மி எழுதிய நாவல்களில் ஒன்று என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பாட்டி வீட்டில் பத்திரிகைப் பக்கங்களைத் தைத்து வைத்த புத்தகம் இருந்தது. ஏன் அப்படிச் செய்தார்கள்? கடையில் வாங்கியிருக்கலாமே?

வாங்கக் காசு வேண்டுமே. பத்திரிகை எப்படியும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வாரமும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பின் கழற்றி உருவி, அலமாரியில் பழைய புடவைத் துண்டுக்குள் சேர்ப்பார்கள். கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்தால் காலிகோ முதுகு போட்டுத் தருவார். காசு மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள் கோணி ஊசியும் சணல் நூலும் எடுத்துக்கொண்டு தாங்களே உட்கார்ந்தார்கள். என் அம்மா இரண்டாவது ரகம்.

அம்மாவின் தொகுப்புகள் கல்யாணத்துக்கு முன்பே அவள் சேர்த்தவை. ட்ரங்குப் பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியில் மன்னார்குடிக்கு வந்து சேர்ந்தன. பின் இருந்த இடத்தில் துருப்பிடித்த இரண்டு ஓட்டை, எல்லாப் பக்கத்திலும் ஒரே உயரத்தில் இருக்கும். தொடர்கதையின் பின்பக்கத்தில் பாதியில் நிற்கும் ஒரு சிரிப்புத் துணுக்கு. ‘அதற்கு மாமியார் சொன்னாள்’ என்பதோடு பக்கம் முடிந்துவிடும். அந்த மாமியார் என்னதான் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் புத்தகம் வாசகி தன் கையால் செய்தது. எது தைக்கத் தகுந்தது, எது கடலை மடிக்கப் போகலாம் என்று அவள்தான் முடிவு செய்தாள். வீட்டில் அவள் வைத்தது சட்டமாக இருந்த இடங்கள் குறைவு. அதில் இது ஒன்று.

சினிமாவாக வந்திருக்கிறதா?

இரண்டு படங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். காஞ்சனையின் கனவு, 1952ல் பட்சிராஜா தயாரிப்பில் காஞ்சனா என்று வந்தது. பெண் மனம், 1963ல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில் இருவர் உள்ளம் ஆனது. சிவாஜி, சரோஜாதேவி, மு. கருணாநிதியின் வசனம். பறவைகள் பலவிதம் பாட்டு வருமே, அந்தப் படம். அதில் சரோஜாதேவி விருப்பமில்லாமல் கழுத்தை நீட்டிவிட்டு, கட்டியவனை நம்ப மறுக்கும் பெண்ணாக வருவார். படத்தைப் பார்த்துவிட்டுக் கதை தெரியும் என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஆனால் பெண் மனம் என்று இருந்த பெயர் சினிமாவில் இருவர் உள்ளம் ஆகிவிட்டதைப் பாருங்கள். அவள் மனத்தில் பாதி இடம் அவனுக்குப் போய்விட்டது.

அத்தனையும் படித்தேன், இப்போது ஒரு கதைகூட முழுசாக ஞாபகம் இல்லை. அப்புறம் என்ன பாதிப்பு என்று சொல்வது?

எனக்கும் அப்படித்தான். யார் யாருக்கு அத்தை மகன், எந்த நாவலில் கடிதம் தொலைந்தது எல்லாம் கலந்துபோய்விட்டது. ஞாபகம் இருப்பது வேறு விஷயம், ஊறிப்போவது வேறு விஷயம். ஊறுகாயைக் கடிக்கும்போது உப்பு எங்கே என்று யாரும் தேடுவதில்லை.

என் விஷயத்தைச் சொல்கிறேன். 1983ல் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆய்வுக்கூட டெக்னீஷியனாக அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பையனின் பெரியம்மா, ‘வேலைக்குப் போகட்டும், ஆட்சேபணை இல்லை, சம்பளத்தை மாமனாரிடம் கொடுத்துவிட்டால் கணக்கு ஒழுங்காக இருக்கும்’ என்றார். காபித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்த நான், ‘அது என் பெயரில்தான் மாமி இருக்கும்’ என்றேன். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், பதில் வரவில்லை.

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. லக்ஷ்மியின் எந்த நாயகியாவது அதே சொற்களைச் சொன்னாளா என்றால் என்னால் பக்கம் காட்ட முடியாது. ஆனால் தான் எழுதிய கூலியில் தன் படிப்பைக் கட்டிய ஒருத்தி எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே அறிமுகமாகியிருந்தாள். அன்று இரவு அம்மா என்னைத் திட்டவில்லை. என் தபாலாபீஸ் சேமிப்புப் புத்தகத்தை எடுத்து, தன் தைத்த தொகுப்பு ஒன்றுக்குள் செருகிப் பெட்டியில் வைத்தாள். வருடக்கணக்கில் அது அங்கேதான் இருந்தது.

லக்ஷ்மி படித்துத்தான் டாக்டர் ஆனேன் என்று சில பேர் சொல்கிறார்கள். நம்பலாமா?

சொல்பவர் தன்னைப் பற்றிச் சொல்கிறார், நம்பாமல் என்ன? ஆனால் முழுக் காரணம் ஒரு புத்தகமாக இருக்காது. மார்க் வேண்டும், கட்டணத்துக்கு வழி வேண்டும், ‘படித்தது போதும்’ என்று சொல்லாத ஓர் அப்பாவோ தாத்தாவோ வேண்டும். கதை செய்வது இதற்கெல்லாம் முந்தின வேலை. அப்படி ஆசைப்படலாம் என்று காதில் ஓதுவது.

நானும் அவரைப் பார்த்து டாக்டராக வேண்டும் என்றுதான் நினைத்தேன். மார்க் போதவில்லை. ரத்தமும் சிறுநீரும் சோதிக்கிற வேலைதான் கிடைத்தது, முப்பத்திரண்டு வருடம் அதைச் செய்தேன். நேர்முகத் தேர்வில் ஒருவர் ‘கல்யாணம் ஆனால் நின்றுவிடுவாயா?’ என்று கேட்டார். அந்த இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் கேட்ட கேள்விதான் அது.

நடுவில் இருபது வருடம் காணாமல் போய்விட்டார் என்கிறார்களே?

காணாமல் போகவில்லை, கடல் கடந்து போனார். 1955ல் தென்னாப்பிரிக்கத் தமிழரான கண்ணபிரானைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கே குடிபோனார். 1860ல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு டர்பனில் இறங்கியதிலிருந்து அங்கே தமிழர்கள் உண்டு. அவர் போன நேரம் நிறவெறிச் சட்டங்கள் உச்சத்தில் இருந்த நேரம். எந்த நிறத்தார் எந்தத் தெருவில் வசிக்கலாம் என்பதையே அரசாங்கம் எழுதிவைத்திருந்தது.

1977ல் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். திரும்பி ஏழாவது வருடம், 1984ல், ஒரு காவிரியைப் போல நாவலுக்குச் சாகித்திய அக்காதெமி விருது வந்தது. தன் வாழ்க்கையைக் ‘கதாசிரியையின் கதை’ என்ற பெயரில் அவரே எழுதியிருக்கிறார். அவருடைய புத்தகங்களில் ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

அக்காதெமி விருது வாங்கியவரை ஏன் வெறும் குடும்பக் கதைக்காரி என்று ஒதுக்குகிறார்கள்?

தொடர்கதை எழுதியதால். வாரம் ஒரு அத்தியாயம், அத்தியாயத்தின் கடைசியில் ஒரு தவிப்பு, முடிவில் பெரும்பாலும் கல்யாணம். இலக்கியம் என்று பேசுபவர்களுக்கு அது சமையலறைச் சமாசாரம். பெண்கள் மத்தியானத்தில் படிப்பது என்றாலே மட்டம் என்ற நினைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆண்கள் ராத்திரி படித்த சரித்திரத் தொடர்களிலும் தவிப்பும் கல்யாணமும் உண்டு. அதையெல்லாம் யாரும் ‘குடும்பக் கதை’ என்று சொன்னதாகத் தெரியவில்லை.

அதற்காக எல்லாமே உயர்ந்த எழுத்து என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் ஒரே ஆட்கள் வேறு பெயரில் திரும்ப வருவார்கள். தற்செயல்கள் அதிகம். தமிழில் இதுவரை அக்காதெமி விருது வாங்கிய பெண் நாவலாசிரியர்களையும் சிறுகதை எழுத்தாளர்களையும் எண்ண ஒரு கை விரல் போதும். 1973ல் ராஜம் கிருஷ்ணன், 1984ல் லக்ஷ்மி, 2005ல் திலகவதி, 2021ல் அம்பை. அந்தப் பட்டியலில் ராஜம் கிருஷ்ணனோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அவர் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுத உப்பளத்துக்கே போனவர். லக்ஷ்மி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் நிலைப்படியை விட்டு அதிகம் நகரவில்லை. ஆனால் அந்த நிலைப்படியில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

போன மாதம் மறுபடி எடுத்துப் படித்தேன், எரிச்சல்தான் வந்தது. அந்தப் பெண்கள் எதற்கு இவ்வளவு பொறுத்துப் போகிறார்கள்? சின்ன வயதில் ஏமாந்துவிட்டேனோ?

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள், யாரோ பெரியவரைப் பற்றிப் புறம் பேசுகிற மாதிரி.

எரிச்சல் நியாயமானது, எனக்கும் வந்தது. படித்த பெண், சம்பாதிக்கும் பெண், வாயைத் திறந்தால் தீர்ந்துவிடும் தகராறுக்கு இருபது அத்தியாயம் வாயை மூடிக்கொண்டு அழுகிறாள். கடைசியில் எல்லாருக்கும் உண்மை தெரிந்து மன்னிப்புக் கேட்கிறார்கள். நிஜ வாழ்க்கையில் அந்த இருபத்தோராவது அத்தியாயம் வராது. நான் பதினான்கு வருடம் அதற்காகக் காத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் போய்ச்சேர்ந்துவிட்டார், அத்தியாயம் வரவில்லை. ஆகவே பாதிப்பு என்று பேசும்போது இதையும் கணக்கில் எழுத வேண்டும். சம்பளம் என் பெயரில் என்று சொன்ன வாயும், பதினான்கு வருடம் மூடியிருந்த வாயும் ஒரே பெட்டியிலிருந்து படித்தவைதான்.

ஏமாந்தோமா என்றால், அப்படி நான் நினைக்கவில்லை. பன்னிரண்டு வயதில் நாம் எடுத்துக்கொண்டது அந்த வயதுக்கு வேண்டியதை. ஒரு பெண் பிள்ளை கதையின் நடுவில் நிற்கிறாள், எல்லாரும் அவளைச் சுற்றி நடக்கிறார்கள் என்பதே அப்போது புதுசு. பொறுமைப் பாடம் கூடவே வந்தது, பாலோடு தண்ணீர் மாதிரி. அதைப் பிரித்தெடுக்க எனக்கு நாற்பது வயது ஆனது. சிலருக்குச் சீக்கிரமே முடிந்திருக்கிறது.

அம்பை இந்த மாதிரி எழுத்தை விமர்சித்தவர். நீங்கள் யார் பக்கம்?

தமிழில் பெண்கள் எழுதிய கதைகளில் பெண் எப்படி உருவாகிறாள் என்று ஆராய்ந்து, சி.எஸ். லக்ஷ்மி என்ற தன் சொந்தப் பெயரில் ஆங்கிலத்தில் அம்பை ஒரு நூல் எழுதினார். முகமூடிக்குப் பின்னால் இருக்கும் முகம் என்பது மாதிரித் தலைப்பு. அது வெளிவந்த வருடம் 1984. மேலே சொன்ன விருதும் அதே வருடம்தான். ஒரு லக்ஷ்மிக்குப் பரிசு, இன்னொரு லக்ஷ்மியின் கேள்வி, இரண்டும் ஒரே வருடத்தில்.

பக்கம் பிரிக்க எனக்கு வரவில்லை. மூளை அம்பை பக்கம் போகிறது, முன் கேள்வியில் நான் எழுதிய எரிச்சலே அதற்குச் சாட்சி. ஆனால் என் அம்மாவிடம் அம்பையின் கதையை 1973ல் யாராவது கொடுத்திருந்தால் அவள் அதைத் தைத்து வைத்திருப்பாளா? மாட்டாள். அவள் எட்டாவது வரை படித்தவள், அவளால் கைநீட்டி எடுக்க முடிந்த உயரத்தில் லக்ஷ்மி இருந்தார். அங்கிருந்து நான் எட்டிப்பிடித்தேன்.

ரமணிசந்திரன் படித்து வளர்ந்தவர்களும் இதே மாதிரிச் சொல்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

வாசிப்பின் ருசி ஒன்றுதான், அதைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. என் தங்கை மகள் அப்படித்தான், ஒரே மூச்சில் முடித்துவிட்டுத்தான் சாப்பிட வருவாள். என் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் ஒன்று. ரமணிசந்திரனில் காதல்தான் கதையின் தண்டவாளம், மற்றதெல்லாம் பெட்டிகள். லக்ஷ்மியில் கூட்டுக்குடும்பமும், காசும், யார் யாரை அண்டி இருக்கிறார்கள் என்ற கணக்கும் முன்னால் வரும். மற்றபடி, பதிமூன்று வயதில் எது கிடைத்ததோ அதுதான் உங்களுடைய எழுத்தாளர்.

என் பேத்திக்குக் கொடுக்கலாமா? அவள் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்.

‘இதைப் படி, வாழ்க்கைக்கு நல்லது’ என்று கொடுத்தால் தொடவே மாட்டாள். என் பேத்தியிடம் நான் கொடுக்கவில்லை. அவளை உட்காரவைத்து ஸ்டான்லி கதையைச் சொன்னேன், அம்மா எனக்குச் சொன்ன மாதிரி. ‘ஒரு கதைக்கு எவ்வளவு பாட்டி கொடுத்தார்கள்?’ என்று கேட்டாள். நல்ல கேள்வி, சரியான இடத்தில் கை வைத்தாள். அப்புறம் நான் சத்தமாக வாசித்தேன், நடுநடுவே அவள் ‘இவள் ஏன் ஃபோன் பண்ணிக் கேட்கவில்லை?’ என்று குறுக்கிட்டாள். ஃபோன் இல்லாத காலம் என்று சொன்னேன். இருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள் என்பதைச் சொல்லவில்லை.

எங்கள் தொகுப்பில் ஒரு வாரத்துப் பக்கங்கள் இல்லை. எங்கே தேடுவது? இல்லை, எடைக்குப் போட்டுவிடலாமா?

எடைக்குப் போடாதீர்கள். கையில் பொடியாக உதிர்கிற நிலையில் இருந்தாலும் சரி, செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள், பசை பழுப்பாகி எழுத்தைத் தின்றுவிடும். ஈரம் படாத இடத்தில் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பழைய இதழ்களைப் பார்க்க வேண்டுமானால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கன்னிமாராவிலும் கேட்டுப் பாருங்கள். புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஞானாலயா உண்டு.

எங்கள் தொகுப்பிலும் ஒரு வாரம் இல்லை. எதிர்வீட்டு மாமி படிக்க வாங்கிப் போனார், அவர் வீட்டுக் குழந்தை அதில் கப்பல் செய்துவிட்டது. எந்த நாவல் என்று சொல்ல மாட்டேன், இன்னும் படிக்காதவர்கள் இருக்கிறீர்கள். முந்தின வாரத்தில் நாயகி கதவருகே நிற்கிறாள், அடுத்த வாரத்தில் வேறு ஊரில் இருக்கிறாள். நடுவில் என்ன நடந்தது? அம்மாவுக்கும் மறந்துவிட்டது. பதின்மூன்று வயதில் நானே ஒரு கோடு போட்ட நோட்டில் அந்த அத்தியாயத்தை எழுதி உள்ளே வைத்தேன். என் அத்தியாயத்தில் அவள் எல்லாரையும் கூடத்தில் நிற்கவைத்து நன்றாகக் கேட்டுவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு பகல் வண்டியில் போவாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அச்சுப் புத்தகத்தில் நிஜ அத்தியாயத்தைப் படித்தேன். அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தொகுப்பில் நோட்டுப் பக்கத்தை எடுத்துவிட்டு நிஜ அத்தியாயத்தின் பிரதியை வைக்கலாமா என்று யோசித்தேன். வைக்கவில்லை. கோணி ஊசி வீட்டில் இருந்தது, என் பக்கத்தையே சேர்த்துத் தைத்துவிட்டேன்.